புதுச்சேரி, கடலூர்ப் பகுதியிலிருந்து பந்தயத் தட ஓட்டுதலைக் கற்கத் தொடங்குவோருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவு விளக்குகளின் கீழ் தெருப் பந்தயம் நடந்தது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. இவ்விரண்டுக்கும் பிறகு, நானும் இப்படி ஓட்டக் கற்க முடியுமா என்று கேட்கும் இளைஞர்களும், இளைஞர்கள் என்று சொல்ல முடியாதவர்களும், நம் பகுதியில் பெருகியிருக்கிறார்கள். கோப்பை வெல்வதற்கான வழியை இங்கே தேட வேண்டாம். சொந்தக் காரை மூடிய தடத்தில், அதன் பிடிமானத்தின் எல்லைக்கு அருகே, கட்டுப்பாடு இழக்காமல் ஓட்டக் கற்க விரும்புகிற தொடக்கநிலையாளரின் ஐயங்களுக்கு மட்டுமே இங்கே விடை உண்டு.

கடலூரிலோ புதுச்சேரியிலோ பயில்வதற்கு இடம் உண்டா?

முழுநீளப் பந்தயத் தடம் இரண்டு ஊரிலும் இல்லை. நமக்கு மிக அருகில் இருப்பது ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டைத் தடம். 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், அதற்கு முன் சோழவரத்தின் பழைய போர்க்கால விமான ஓடுதளத்தில்தான் பந்தயங்களை நடத்தி வந்தது. பந்தயத்துக்கென்றே கட்டிய இருங்காட்டுக்கோட்டைத் தடம் 1990இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் நீளம் 3.717 கிலோமீட்டர். புதுச்சேரியிலிருந்து போகிறவர்கள் சென்னை நகருக்குள் நுழைய வேண்டியதில்லை. திண்டிவனம், செங்கல்பட்டு வழியாகச் சிங்கப்பெருமாள்கோவில் வரை சென்று, அங்கிருந்து ஒரகடம் சாலையில் திரும்பினால் நெரிசலைத் தவிர்த்துவிடலாம்.

அடுத்தது கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் 2003இல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே. 2 கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான இந்தச் சிறிய தடத்தில் வேகம் அதிகம் ஏறாது என்பதால் தொடக்கநிலையாளருக்கு இது ஒரு வகையில் வசதியானது. ஆனால் கடலூரிலிருந்து விருத்தாசலம், சின்னசேலம், சேலம் வழியாகச் சென்று அங்கே ஓரிரவு தங்க வேண்டியிருக்கும். இரண்டு தடங்களிலும் பந்தயம் இல்லாத சில நாள்களில் பயிற்சி நாள்கள் நடப்பதுண்டு. தேதி, கட்டணம், அனுமதிக்கப்படும் வண்டி வகை ஆகியவற்றை நடத்துவோரிடம் நேரில் கேட்டு உறுதி செய்துகொண்டு புறப்படுவதே நல்லது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் பழகினால் என்ன?

கூடாது. மரக்காணத்துக்கும் காலாப்பட்டுக்கும் இடையே விடியற்காலையில் சாலை வெறிச்சோடிக் கிடப்பதுபோல் தோன்றும் நேரம், மீனவர்கள் வலையோடும் கூடையோடும் சாலையைக் கடக்கும் நேரமும் ஆகும். பொதுச் சாலையில் வேகப் போட்டியோ வேகச் சோதனையோ நடத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆம் பிரிவு தடை செய்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின் முதல் குற்றத்துக்கு 3 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

சட்டத்தை ஒதுக்கி வைத்துப் பார்த்தாலும், சாலையில் இந்தக் கலையைக் கற்க இயலாது என்பதே என் உறுதியான கருத்து. ஒரே வளைவைத் திரும்பத் திரும்ப எடுத்து, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு செயலை மட்டும் மாற்றி, விளைவை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் பயிற்சி. எதிரே லாரி வரக்கூடிய சாலையில் அதற்கு இடமில்லை. அங்கே ஒருவர் கற்பதெல்லாம் துணிச்சல் மட்டுமே. தடத்தில் அதை முதல் நாளே மறக்கவைக்கப் பயிற்றுநர் பாடுபட வேண்டியிருக்கும்.

காப்பீடு பயிற்சி நாளுக்குச் செல்லுமா?

நம் நாட்டின் வழக்கமான கார்க் காப்பீட்டுப் பத்திரத்தில் ‘பயன்பாட்டு வரம்பு’ என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள். ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை முதலியவை அதில் விலக்கப்பட்டிருக்கும். தடத்தில் கார் சேதமடைந்தால் செலவு உங்களுடையது என்று எண்ணிக்கொண்டே புறப்பட வேண்டும். கடன் தவணை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் காரைத் தடத்துக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

எந்தக் கார் வேண்டும்? என்னுடையது சாதாரண ஹேட்ச்பேக்.

அதுவே போதும், உண்மையில் அதுவே நல்லது. எடை குறைந்த, திறன் குறைந்த காரில் வளைவில் வீணாக்கிய வேகத்தை நேர்பாதையில் எஞ்சினால் ஈடுகட்ட முடியாது. ஆகவே நீங்கள் செய்யும் ஒவ்வொரு தவறும் நேரக் கணக்கில் அப்படியே தெரியும். இந்தியப் பந்தயத் துறையே சிறிய எஞ்சினில் வளர்ந்ததுதான். கோவையைச் சேர்ந்த கரிவர்தன் 1988இல் மாருதி 800இன் எஞ்சினைக் கொண்டு ஃபார்முலா மாருதி கார்களை உருவாக்கினார். 2005இல் ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனின் தொடக்க ஓட்டங்களும் அந்தக் கார்களில்தான் அமைந்தன. கோவைத் தடம் கரிவர்தனின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது.

உயரமான எஸ்யூவிகளைத் தவிர்க்கலாம். ஈர்ப்பு மையம் மேலே இருப்பதால் அவை சாய்ந்து ஆடும். டயரும் பிரேக்கும் விரைவில் களைத்துவிடும்.

முதலில் கற்க வேண்டியது எது?

அமர்வதும் பார்ப்பதும். இதைச் சொன்னால் பலருக்கும் ஏமாற்றமாக இருக்கிறது, ஆனாலும் வரிசை இதுதான். பிரேக்கை முழுதாக மிதித்த நிலையிலும் முழங்கால் சற்றே மடங்கியிருக்கும்படி இருக்கையை முன்னே தள்ளுங்கள். தோள் இருக்கையை விட்டு எழாமல் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் பட வேண்டும். கைகள் கடிகாரத்தின் 9, 3 மணி இடங்களில் இருக்கட்டும். இடது கால் கியர் மாற்றும்போது மட்டும் கிளட்சுக்குப் போய், மற்ற நேரமெல்லாம் பக்கத்திலுள்ள கால்தாங்கியில் ஊன்றி உடலை நிலைநிறுத்த வேண்டும். ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்கி உடலைத் தாங்குகிறவருக்கு முன்சக்கரங்கள் சொல்லும் செய்தி கைக்கு எட்டாது.

பார்வை இதைவிடக் கடினமானது. நம் ஊர்களில் ஓட்டக் கற்ற நாம் அனைவரும் அருகில் பார்க்கப் பழகியவர்கள். நேரு வீதியிலும் கடலூர் பேருந்து நிலையப் பகுதியிலும் எந்தச் சந்திலிருந்து ஸ்கூட்டர் பாயும், எந்த ஆட்டோ சொல்லாமல் திரும்பும் என்று கண் முன்பம்பருக்குப் பத்தடிக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். அங்கே அது உயிர் காக்கும் பழக்கம். தடத்தில் 100 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடந்துவிடும் என்பதால், அருகில் பார்ப்பவர் எப்போதும் நடந்து முடிந்ததையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பிரேக் இடத்தை நெருங்கும்போதே கண் திரும்பும் இடத்துக்கும், திரும்பும்போதே வளைவின் உள்விளிம்புக்கும், உள்விளிம்பைத் தொடுவதற்கு முன்பே வெளியேறும் இடத்துக்கும் போய்விட வேண்டும். முதல் நாள் முழுவதும் இதை மட்டும் பழகினாலும் அந்த நாள் வீணன்று.

பிரேக் பிடிப்பதில் கற்க என்ன இருக்கிறது?

தடத்தில் மிக அதிகமாகக் கற்க வேண்டியது இதுதான். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியோடு வளர்கிறது. 60 கிலோமீட்டரிலிருந்து நிறுத்துவதைவிட 120இலிருந்து நிறுத்துவதற்கு நான்கு மடங்கு ஆற்றலைப் பிரேக் வெப்பமாக மாற்ற வேண்டும். புவியீர்ப்பு முடுக்கத்தின் 0.8 பங்கு அளவுக்கு வேகம் குறையும் உலர்ந்த தடத்தில், 100இலிருந்து நிற்க ஏறத்தாழ 49 மீட்டரும் 120இலிருந்து நிற்க ஏறத்தாழ 71 மீட்டரும் ஆகும். இவ்வளவும் கால் பிரேக்கை அடைந்த பிறகு ஓடும் தூரம் மட்டுமே.

சாலையில் நாம் மெல்லத் தொடங்கிக் கடைசியில் அழுத்துவோம். தடத்தில் இது தலைகீழாக மாறுகிறது: அழுத்தம் தொடக்கத்திலேயே விரைவாக உச்சத்தை அடைந்து, வளைவு நெருங்க நெருங்கச் சீராகக் குறைய வேண்டும். ஆனால் அந்த உச்சத்தை அறைவதுபோல் மிதித்து எட்டக் கூடாது. பிரேக் பிடித்ததும் எடை முன்சக்கரங்களுக்கு நகர்வதற்குச் சிறிது நேரம் தேவை; எடை வந்து சேர்ந்த பிறகே முன்டயர்கள் முழுப் பிடிமானத்தைத் தரும். ஒரு கணக்கைப் பாருங்கள். 900 கிலோ எடையுள்ள காரில் முன்னே 540, பின்னே 360 கிலோ நிற்கிறது என்றும், ஈர்ப்பு மையத்தின் உயரம் 55 சென்டிமீட்டர், சக்கரங்களின் இடைவெளி 2.4 மீட்டர் என்றும் கொள்வோம். அதே 0.8 அளவில் பிரேக் பிடிக்கும்போது ஏறத்தாழ 165 கிலோ பின்னிருந்து முன்னே நகர்கிறது. பின்சக்கரங்களின் மேல் எஞ்சுவது 200 கிலோவுக்கும் குறைவு. பிரேக் பிடித்தபடியே ஸ்டீயரிங்கைச் சட்டென ஒடித்தால் பின்பகுதி ஏன் சுழன்று வருகிறது என்பதற்கு இந்த எண்ணே விளக்கம்.

2019 ஏப்ரலுக்குப் பின் விற்பனையான கார்களில், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம் என்பதால் சக்கரம் பூட்டிக்கொள்ளும் அச்சம் பெரிதும் நீங்கிவிட்டது. காலடியில் அது துடித்தால் பதறி விட்டுவிட வேண்டாம். அதே சமயம், ஒவ்வொரு வளைவிலும் துடிக்கிறது என்றால் உங்கள் கால் தேவைக்கு மேல் அழுத்துகிறது என்று பொருள்.

இன்னொன்று: வளைவுக்கு முன் கிளட்சை மிதித்துக் காரை உருளவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. எஞ்சின் சக்கரத்திலிருந்து துண்டிக்கப்பட்ட கார் வளைவின் நடுவே உங்கள் வலது காலுக்குக் கட்டுப்படாது. இந்தப் பழக்கத்தை மட்டும் ஊர்ச் சாலையிலேயே இன்றே விட்டுவிடலாம்.

வளைவை எந்தக் கோட்டில் எடுப்பது?

வெளியிலிருந்து உள்ளே, உள்ளிருந்து வெளியே என்பதை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். இதன் காரணம் எளிய இயற்பியல்தான். 0.9 ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்தின் 0.9 பங்கு, பக்கவாட்டுப் பிடிமானம் உள்ள டயரில், 50 மீட்டர் ஆரமுள்ள பாதையில் ஏறத்தாழ 76 கிலோமீட்டர் வேகமே தாங்கும். தடத்தின் முழு அகலத்தையும் பயன்படுத்தி அதே வளைவின் ஆரத்தை 72 மீட்டராக விரித்தால் வேகம் ஏறத்தாழ 91 வரை ஏறும். எஞ்சினில் ஒரு திருகைக்கூடத் தொடாமல் கிடைத்த வேகம் இது.

உள்விளிம்பைத் தொடும் புள்ளியை ஏபெக்ஸ் என்கிறோம். தொடக்கநிலையாளர் அனைவரும் செய்யும் தவறு சீக்கிரமே திரும்பிவிடுவதுதான். வளைவைக் கண்டதும் கை தானாகத் திரும்பும், ஏபெக்ஸ் முன்னதாகவே வந்துவிடும். அதன்பின் வெளியேறும் இடத்தில் தடம் தீர்ந்துபோய் வண்டி மண்ணில் இறங்கும். எனவே முதல் நாள்களில் வேண்டுமென்றே தாமதமாகத் திரும்புங்கள். தாமத ஏபெக்ஸில் நுழைவு மெதுவாக இருந்தாலும் வெளியே வரும்போது ஸ்டீயரிங் நேராகிவிடுவதால், ஆக்சிலரேட்டரை முன்கூட்டியே மிதிக்கலாம். அடுத்து நீண்ட நேர்பாதை இருந்தால் அந்த ஆதாயம் அதன் முழுநீளத்துக்கும் தொடரும். இரண்டு வளைவுகள் அடுத்தடுத்து வந்தால் முதலாவதைத் தியாகம் செய்து இரண்டாவதைச் சரியாக எடுக்க வேண்டும்.

பிரேக் பிடித்தபடியே வளைவுக்குள் நுழையும் முறையை எப்போது கற்கலாம்?

பிரேக்கை நேர்கோட்டில் முடித்துவிட்டுத் திரும்புவது கைவந்த பிறகு. டயரின் பிடிமானம் மாதச் சம்பளம் போன்றது. பிரேக்குக்கு முழுவதும் கொடுத்துவிட்டால் திரும்புவதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஆனால் பங்கீடு நேர்க்கணக்கில் அமைவதில்லை என்பது சுவையான செய்தி. பிடிமானத்தின் 80 விழுக்காட்டைப் பிரேக்குக்குப் பயன்படுத்தும்போதும், கோட்பாட்டின்படி 60 விழுக்காடு திரும்புவதற்கு எஞ்சுகிறது, ஏனெனில் இரண்டும் ஒரு வட்டத்தின் ஒன்றுக்கொன்று செங்குத்தான அச்சுகள்; அவற்றின் இருமடிகளின் கூட்டுத்தொகைதான் முழுப் பிடிமானத்தின் இருமடியைத் தாண்டக் கூடாது. பிரேக்கைச் சிறிது சிறிதாக விட்டுக்கொண்டே ஸ்டீயரிங்கைச் சிறிது சிறிதாகக் கூட்டும் முறையில் தேர்ந்த ஓட்டுநர் நேரம் சேமிப்பது இப்படித்தான். அரைகுறையாகச் செய்தால் பின்பகுதி சுழலும். பயிற்றுநர் பக்கத்தில் இல்லாமல் இதைத் தொடங்க வேண்டாம்.

கார் வழுக்கத் தொடங்கினால் என்ன செய்வது?

முன்பகுதி வழுக்குகிறதா, பின்பகுதி வழுக்குகிறதா என்பதைப் பொறுத்து விடை மாறும். நம் ஹேட்ச்பேக்குகள் முன்சக்கரத்தால் இயங்குபவை என்பதால் பெரும்பாலும் முன்பகுதியே வழுக்கும்: ஸ்டீயரிங்கைத் திருப்பியிருப்பீர்கள், கார் நேரே போய்க்கொண்டிருக்கும், கையில் ஸ்டீயரிங் திடீரென இலகுவாகிவிடும். அந்நேரம் இன்னும் திருப்பத் தோன்றும். அது நிலைமையை மோசமாக்கும். ஆக்சிலரேட்டரைச் சற்றே தளர்த்தி, ஸ்டீயரிங்கையும் சற்றே நேராக்கினால் டயர் மீண்டும் பற்றும்.

பின்பகுதி வழுக்குவது முன்சக்கர இயக்கக் காரிலும் நடக்கும். வேகமாக எடுத்த வளைவின் நடுவே பயந்துபோய் ஆக்சிலரேட்டரை முழுவதும் விட்டுவிட்டால், எடை முன்னே பாய்ந்து பின்டயர்கள் பிடிமானம் இழக்கும். தொடக்கநிலையாளரின் பெரும்பான்மையான சுழற்சிகள் இப்படித்தான் நேர்கின்றன. செய்ய வேண்டியவை: பிரேக்கைத் தொடாதீர்கள், போக வேண்டிய திசையைப் பாருங்கள், கை அத்திசையில் தானாகத் திரும்பும், பின்பகுதி திரும்பி வரும்போது ஸ்டீயரிங்கை உடனே நேராக்குங்கள். இல்லையெனில் கார் மறுபக்கம் வீசும், அந்த இரண்டாவது வீச்சே பெரும்பாலும் ஆளைக் கவிழ்க்கிறது. மீட்க முடியாது என்று உணர்ந்த நொடியில் கிளட்சையும் பிரேக்கையும் ஒருசேர முழுதாக மிதித்துவிடுங்கள். கார் எங்கே போகும் என்பதைப் பின்னால் வருபவர் அப்போதுதான் கணிக்க முடியும்.

இரண்டு சக்கரங்கள் தடத்தை விட்டு மண்ணில் இறங்கிவிட்டால், ஒடித்து ஏற முயலாதீர்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, வேகம் குறைந்த பிறகு மெல்ல ஏறுங்கள். நம் சாலையோர மண்விளிம்பிலும் இதே விதிதான் பொருந்தும்.

ஹீல்-அண்ட்-டோ அவசியமா? ஆட்டோமேட்டிக் கார் ஆகுமா?

பிரேக்கை மிதித்தபடியே அதே காலின் ஓரத்தால் ஆக்சிலரேட்டரைத் தட்டி, கீழ்க் கியருக்கு மாறும் அந்தக் கலை அழகானது. முதல் ஆண்டில் தேவையற்றது. வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிட்டு, கிளட்சை மெல்ல விட்டால் போதும். ஆட்டோமேட்டிக்கும் ஆகும். இரண்டு பெடல்கள் மட்டுமே இருப்பதால் கவனம் முழுவதும் பார்வைக்கும் கோட்டுக்கும் போகும். தொடர்ந்து ஓட்டும்போது கியர்பெட்டி சூடாகும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்.

காரை எப்படித் தயார் செய்வது?

கடற்கரை ஊர்க்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது பிரேக் திரவத்தை. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. புதிய டாட் 4 திரவம் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அதற்கு உறுதி செய்யப்பட்ட அளவு 155 டிகிரிதான். டாட் 3க்கு இந்த எண்கள் 205, 140. திரவம் கொதித்தால் ஆவிக்குமிழ்கள் உண்டாகிப் பெடல் தரைவரை அமுங்கும், கார் நிற்காது. ஊர்ச் சாலையில் இரண்டு ஆண்டு பழைய திரவத்தோடு எந்தக் குறையும் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்த கார் தடத்தில் சில சுற்றுகளிலேயே இதைக் காட்டிவிடும். புறப்படுவதற்குச் சில நாள்களுக்கு முன் திரவத்தை முழுவதும் மாற்றிக் காற்றை வெளியேற்றிவிடுங்கள். பெடல் கெட்டியாக இருந்தும் கார் நிற்க மறுத்தால் அது வேறு சிக்கல். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேட் சூடேறி உரசும் தன்மையை இழந்திருக்கிறது, ஓய்வு கொடுக்க வேண்டும்.

உப்புக் காற்றில் நிற்கும் கார்களில் பிரேக் காலிப்பரின் ஊசிகளும் சக்கர நட்டுகளின் மரைகளும் துருப்பிடித்து இறுகியிருப்பதுண்டு. மெக்கானிக்கிடம் சொல்லித் துடைத்து, நட்டுகளை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் கார்க் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கச் சொல்லுங்கள். காலால் மிதித்து இறுக்குவது அளவன்று.

டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண் அது பிறந்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2322 என்றால் 2022இன் 23ஆம் வாரம். பழைய டயரில் பட்டன் நிறைய இருந்தாலும் ரப்பர் கெட்டித்துப் போயிருக்கும். காற்றழுத்தத்தைக் காரில் ஒட்டியுள்ள அளவில் தொடங்கி, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். சூட்டில் அழுத்தம் ஏறும். டயரின் தோள்பகுதியில் சாக்பீஸால் கோடிட்டு ஓட்டிப் பாருங்கள்: கோடு பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் அழுத்தம் குறைவு, தோளை எட்டாமலே நின்றிருந்தால் அதிகம்.

காருக்குள் இருக்கும் தண்ணீர்ப் புட்டி, குடை, தளர்ந்த மிதியடி, டிக்கியில் கிடக்கும் ஜாக்கி, எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். டேஷ்போர்டில் ஒட்டிய பிள்ளையாரும் நன்றாக ஒட்டியிருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளலாம்.

என்ன உடுத்த வேண்டும்?

முகம் முழுவதையும் மூடும் ஹெல்மெட் வேண்டும். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டையே சில பயிற்சி நாள்களில் ஏற்பார்கள், பந்தயத்தில் ஏற்க மாட்டார்கள். கார்ப் பந்தய ஹெல்மெட்டின் உட்துணி தீயைத் தாங்க வேண்டும், அதனால் அதற்குத் தனித் தரச்சான்று உண்டு. பயிற்சி நாளில் முழுக்கைப் பருத்திச் சட்டை, பருத்திப் பேன்ட், மெல்லிய அடியுள்ள ஷூ போதும். விளையாட்டு ஜெர்சி வேண்டாம். செயற்கை இழை தீயில் உருகித் தோலில் ஒட்டும்.

மழை நாளில் பயிற்சி ரத்தானால் நல்லதா?

ரத்தாகாவிட்டால்தான் நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த தடம் குறைந்த வேகத்திலேயே எல்லையைக் காட்டிவிடும். கையும் காலும் முரடாக இருப்பவருக்கு உடனே தெரியவரும். உலர்ந்த நாளின் வழக்கமான கோட்டில் ரப்பரும் எண்ணெயும் படிந்து மெழுகியிருக்கும் என்பதால் மழையில் அதைவிட்டு விலகி, சொரசொரப்பான பரப்பைத் தேடி ஓட்ட வேண்டும். டயரின் தேய்மானக் குறி 1.6 மில்லிமீட்டரில் இருக்கிறது. அந்த அளவுக்குத் தேய்ந்த டயரில் தேங்கிய நீர் மேல் வேகமாகப் போனால் கார் மிதக்கும். 3 மில்லிமீட்டராவது இல்லாவிட்டால் அன்று வேடிக்கை பாருங்கள்.

கோ-கார்ட்டிங், சிமுலேட்டர் ஆகியவை உதவுமா?

கார்ட்டிங் மிகவும் உதவும். கார்ட்டில் சஸ்பென்ஷன் இல்லை, பின்அச்சு ஒரே தண்டாக இருப்பதால் வளைவில் உட்பக்கப் பின்சக்கரம் சற்று எழும்பினால்தான் அது நன்றாகத் திரும்பும். முரட்டுத்தனத்தை அது மன்னிக்காது. இருங்காட்டுக்கோட்டை வளாகத்திலேயே கார்ட்டிங்குக்கெனத் தனித்தடம் இருக்கிறது. வாடகைக் கார்ட்டில் பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் ஒருசேர மிதிக்காதீர்கள்.

சிமுலேட்டர் தடத்தின் வளைவுகளை மனப்பாடம் செய்யவும், பார்வையைப் பழக்கவும், ஒரே வேகத்தில் பல சுற்றுகள் ஓட்டும் ஒழுக்கத்தைக் கற்கவும் நல்லது. உடலில் அழுத்தம் படாததால் எடை நகர்வை அது கற்பிக்காது, அச்சத்தையும் கற்பிக்காது. திரையில் நூறு முறை மோதியவருக்குத் தடத்தில் சுவர் சுவராகத் தெரிவதற்குச் சில சுற்றுகள் பிடிக்கும்.

கொடிகளைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமா?

தெரியாமல் தடத்தில் நுழையவே கூடாது. மஞ்சள் என்றால் முன்னே ஆபத்து. வேகத்தைக் குறைக்க வேண்டும், முந்தக் கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தப்பட்டது. எச்சரிக்கையோடு மெதுவாகப் பிட்டுக்கு, அதாவது தடத்தை ஒட்டிக் கார்களை நிறுத்தும் இடத்துக்கு, திரும்ப வேண்டும். நீலம் வேகமான கார் பின்னால் நெருங்குவதையும், மஞ்சளும் சிவப்பும் கோடுகளாக உள்ள கொடி தடம் வழுக்குவதையும் குறிக்கும். கருப்புக் கொடியில் ஆரஞ்சு வட்டம் இருந்தால் உங்கள் காரில் கோளாறு. தனிக் கருப்பு என்றால் உங்களிடம் கோளாறு. பயிற்சி நாளில் முந்துவதற்கு நேர்பாதை மட்டுமே, அதுவும் முன்னால் செல்பவர் கைகாட்டி வழிவிட்ட பிறகே என்ற விதி பெரும்பாலும் இருக்கும்.

போட்டியில் இறங்க உரிமம் வேண்டுமா? வயது வரம்பு என்ன?

பயிற்சி நாளுக்குச் சாதாரண ஓட்டுநர் உரிமம் போதும். அங்கீகரிக்கப்பட்ட போட்டிக்கு இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளின் கூட்டமைப்பு வழங்கும் போட்டி உரிமம் வேண்டும். அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், மருத்துவச் சான்றும் ரத்தப் பிரிவும் கேட்பார்கள். கார்ட்டிங்கில் சிறுவர், சிறுமியரும் பெற்றோர் ஒப்புதலோடு போட்டியிடலாம். மேல்வரம்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நாற்பதுகளில் தொடங்குகிறவர்கள் சொன்னதைக் கேட்கிறார்கள் என்பதால் இருபது வயதினரைவிட விரைவாகக் கற்பதையும் காணலாம். முதல் போட்டியாக நேரடிப் பந்தயத்தைத் தேர்ந்தெடுக்காமல், ஒவ்வொரு காரும் தனித்தனியே கடிகாரத்தை எதிர்த்து ஓடும் ஆட்டோகிராஸ் வகைப் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு செலவாகும்? எதை முதலில் வாங்குவது?

நுழைவுக் கட்டணம் செலவின் ஒரு பகுதி மட்டுமே. டயர், பிரேக் பேட், திரவம், பெட்ரோல், பயணம், தங்கல் ஆகியவற்றையும் கூட்டிப் பார்த்து, அந்தத் தொகை வீட்டுச் செலவைத் தொடாது என்றால் மட்டும் இறங்குங்கள். இருக்கும் பணத்தை முதலில் பயிற்றுநருக்கும் தட நேரத்துக்கும், பிறகு பிரேக்குக்கும் டயருக்கும், பிறகு நல்ல ஹெல்மெட்டுக்கும் கொடுங்கள். எஞ்சின் ரீமேப் (எஞ்சினின் கணினி அமைப்பை மாற்றித் திறனைக் கூட்டுவது), ஓசை எழுப்பும் சைலன்சர், பெரிய அலாய் சக்கரம் ஆகியவற்றை முதலிலேயே வாங்குகிறவரைத் தடத்தில் சாதாரணப் பழைய ஹேட்ச்பேக் முந்திச் செல்வது வழக்கமான காட்சி. போதாக்குறைக்கு, சைலன்சரை மாற்றிய காரை ஊர்ச் சாலையில் போக்குவரத்துக் காவலரும் நிறுத்துவார்.

முதல் நாளை எப்படிப் பிரித்துக்கொள்வது?

முடிந்தால் காலை ஓட்டத்துக்கு முன் தடத்தை நடந்தே சுற்றிப் பாருங்கள். காருக்குள்ளிருந்து தெரியாத மேடு, சரிவு, ஒட்டுப்போட்ட இடம் எல்லாம் தெரியும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரே ஓர் இலக்கு வையுங்கள்: முதலாவதில் கோடு, இரண்டாவதில் பார்வை, மூன்றாவதில் பிரேக் புள்ளி. நேரம் பார்க்க வேண்டாம். பயிற்றுநரை அருகில் அமர்த்தி ஓட்டுவதோடு, அவர் ஓட்ட நீங்கள் அருகில் அமர்ந்தும் ஒரு சுற்று பாருங்கள். தடத்தின் கடும் வெயிலில் மூடிய ஹெல்மெட்டுக்குள் உடல் நீர் விரைவில் வற்றும். தண்ணீரோடு உப்பிட்ட மோரும் குடியுங்கள். கவனம் சிதறுகிறது என்று தோன்றியதும், மாலை ஓட்டத்துக்குப் பணம் கட்டியிருந்தாலும், இறங்கிவிடுங்கள்.

அதே காரில் அன்றே ஊர் திரும்பலாமா?

திரும்பலாம், சில ஏற்பாடுகளோடு. கடைசிச் சுற்றைப் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டிக் காரை ஆறவிடுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள், ஏனெனில் கொதிக்கும் டிஸ்க்கையோ டிரம்மையோ கவ்விப் பிடித்தால் அது கோணலாகக்கூடும். முழுவதும் ஆறிய பிறகு நட்டுகளையும், டயரில் வெட்டோ வீக்கமோ உண்டா என்பதையும், பிரேக் திரவ அளவையும் பார்த்து, காற்றழுத்தத்தைச் சாலை அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

கார் ஆறினாலும் ஓட்டியவரின் கண் உடனே ஆறாது. நாள் முழுவதும் 130, 140இல் பழகிய கண்ணுக்கு நெடுஞ்சாலையில் 80 என்பது நிற்பதுபோல் தோன்றும். அறியாமலே வேகம் ஏறும். ஆகவே அன்று ஓட்டாத ஒருவரை உடன் அழைத்துச் சென்று, திரும்பும்போது அவரிடம் சாவியைக் கொடுத்துவிடுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் ஸ்ரீபெரும்புதூரிலேயே இரவு தங்கிவிட்டு மறுநாள் காலையில் புறப்படலாம்.